அசோசியேஷன் கூட்டத்தில் 15 நிமிடம்: முதன்முறை பிரசன்டேஷன் கொடுப்பவர்களுக்கு

பிரசன்டேஷன் என்றதும் கல்லூரி புராஜெக்ட் ரிவ்யூவும் ஐ.டி. கம்பெனி மீட்டிங்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பள்ளியின் பெற்றோர் கூட்டம், சுய உதவிக் குழு, கிராம சபை, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழு என்று பத்துப் பேரிடம் ஒரு விஷயத்தை விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டிய இடங்களிலெல்லாம் நடப்பது அதே வேலைதான். "தன்னம்பிக்கையோடு பேசுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்" என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரைகள் படிக்கும்போது நன்றாக இருக்கும். மைக் கையில் வந்ததும் ஒன்றும் நினைவில் இருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முதலிலிருந்து கடைசிவரை தயாராவோம். உங்கள் கூட்டம் வேறாக இருந்தாலும் செய்யும் வேலைகள் இவைதான்.

சென்னையில் 24 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோடை வந்தால் போர் வற்றிவிடும். லாரித் தண்ணீர்தான் கதி. மொட்டை மாடியில் விழும் மழைநீரை வடிகட்டி ஒரு மீள்நிரப்புக் கிணற்றுக்குள் (தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறு) விட்டால் நிலைமை மாறும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். செக்ரட்டரியிடம் சொன்னால், "அடுத்த மாசம் ஜெனரல் பாடி இருக்கு. நீங்களே ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசிடுங்களேன்" என்கிறார். இதுவரை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசியதில்லை. எங்கே தொடங்குவது?

கூட்டம் கலையும்போது என்ன முடிவாகியிருக்க வேண்டும்?

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், கூட்டம் முடிந்து எழுந்து போகும்போது அவர்கள் எதற்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மழைநீர் சேகரிப்பு பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவது" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். விழிப்புணர்வுக்கு யாரும் கை தூக்க முடியாது. இப்படி இருக்கலாம்:

"வீட்டுக்கு 6,000 ரூபாய் போட்டு, மாடித் தண்ணீர் இறங்க ஒரு கிணறு எடுக்கவும், செப்டம்பருக்குள் வேலையை முடிக்கவும் இந்தக் கூட்டம் சம்மதிக்க வேண்டும்."

தொகை இருக்கிறது, வேலை இருக்கிறது, தேதி இருக்கிறது. செப்டம்பர் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு: அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். (6,000 என்பது இந்த எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட தொகை. உங்கள் கட்டடத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிய பிறகே தொகையை எழுதுங்கள்.)

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு முழு மாலை செலவானாலும் தகும். இனி எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற எல்லாச் சந்தேகத்தையும் இதுவே தீர்த்துவைக்கும். மழைநீர் சேகரிப்பின் வரலாறு சுவையானதுதான். ஆனால் அது இந்த முடிவை நோக்கி ஓர் அடிகூட நகர்த்தாது என்றால் அதற்கு இங்கே இடமில்லை.

எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள்?

24 வீட்டுக்காரர்களும் ஒரே மாதிரி யோசிக்க மாட்டார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு மாத வருமானத்துக்கு மேல் ஒரு செலவு என்பதே கவலை. வேலைக்குப் போகும் தம்பதிக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளருக்கு லாரித் தண்ணீர்க் கஷ்டம் நேரடியாகத் தெரியாது. தரைத்தள வீட்டுக்காரருக்கு, தன் ஜன்னலுக்கு வெளியே குழி தோண்டுவார்களோ என்ற பயம். பொருளாளருக்கோ கார்ப்பஸ் பணத்தில், அதாவது அசோசியேஷனின் சேமிப்பு நிதியில், கை வைக்கக் கூடாது.

கூட்டத்துக்கு முன்பே இவர்களில் மூன்று பேரையாவது தனியாகப் போய்ப் பாருங்கள். குறிப்பாக, எதிர்ப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கும் ஆளை. லிஃப்டில் பார்க்கும்போது, "சார், ஞாயித்துக்கிழமை நான் கொஞ்சம் பேசப்போறேன். உங்களுக்கு இதுல என்ன சந்தேகம் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்" என்று கேளுங்கள். மதித்துக் கேட்டால் பெரும்பாலோர் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். தரைத்தளத்துக்காரர் ஜன்னல் விஷயத்தைச் சொன்னால் கிணற்றுக்கு வேறு இடம் பார்க்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. அதே விஷயம் நிறைந்த கூட்டத்தில் முதன்முறையாக வெடித்தால், நீங்கள் நல்ல பதிலே சொன்னாலும் அவரால் இறங்கி வர முடியாது. எல்லார் முன்னாலும் ஒரு நிலை எடுத்துவிட்டாரே!

என் அனுபவத்தில் முன்கூட்டிப் பேசும் இந்த வேலையைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மேடையில் நடப்பதற்கு இணையான பலன் இதில் இருக்கிறது.

எண்ணை அவர்கள் பிழைப்பின் மொழிக்கு மாற்றுங்கள்

சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். இதை அப்படியே சொன்னால் கேட்பவர் மனதில் எதுவும் பதியாது. மில்லிமீட்டரில் யாரும் குளிப்பதில்லை.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். மொட்டை மாடி 4,000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 370 சதுர மீட்டர். 370-ஐ 1,400-ஆல் பெருக்கினால் 5,18,000 லிட்டர். தெறித்தும் ஆவியாகியும் முதல் மழையில் அழுக்கோடு வெளியே விட்டும் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று கழித்தாலும் 4 லட்சம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். இதுவும் இன்னும் வெறும் எண்தான். 12,000 லிட்டர் லாரியால் வகுத்துப் பாருங்கள்: 34 லாரி.

"வருஷத்துக்கு 34 லாரித் தண்ணி நம்ம மாடியில விழுந்து சாக்கடைக்குப் போகுது." இந்த வாக்கியம் கூட்டத்தில் எல்லாருக்கும் புரியும், வீட்டுக்குப் போய் மனைவியிடமோ கணவரிடமோ அப்படியே சொல்லவும் முடியும். அதுதான் நல்ல எண்ணுக்கு அடையாளம். கூடவே அசோசியேஷன் கணக்கிலிருந்து, சென்ற கோடையில் லாரிக்கு ஒவ்வொரு வீடும் எவ்வளவு கொடுத்தது என்று எடுத்து வையுங்கள். அடுத்து 6,000 ரூபாய் என்று நீங்கள் சொல்லும்போது அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

இப்படி இரண்டு அல்லது மூன்று எண்கள் போதும். ஏழெட்டு எண்களை அடுக்கினால் 34 லாரியும் அவற்றோடு சேர்ந்து மறந்துபோகும்.

எதை முதலில் சொல்வது

அவர்கள் ஏற்கெனவே பட்டறிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர்க் கூட்டங்களில் "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே" என்று தொடங்கி நான்கு நிமிடம் விளிக்கும் வழக்கம் இருக்கிறது. மரியாதை வேண்டும்தான், ஒரே வணக்கத்தில் அது அடங்கிவிடும். கேட்பவர்கள் மிகக் கவனமாக இருப்பது முதல் ஒரு நிமிடத்தில்தான். அதைப் பெயர்ப் பட்டியலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். போன மே மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு லாரி வந்து, ரிவர்ஸ் எடுக்க இடமில்லாம நாம எல்லாம் கீழ இறங்கி வண்டியை நகர்த்தினோமே, ஞாபகம் இருக்கா? அடுத்த மே மாசம் அந்த லாரிங்க எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வழி இருக்கு. அதைத்தான் சொல்லப்போறேன். கடைசியில உங்ககிட்ட ஒரு சம்மதம் கேட்பேன்."

இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. எதைப் பற்றிய பேச்சு, அவர்களுக்கு என்ன பயன், கடைசியில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று மூன்றும் வந்துவிட்டன. பிறகு போர் ஏன் வற்றுகிறது, மாடித் தண்ணீர் எவ்வளவு, கிணறு எப்படி வேலை செய்யும், எங்கே வரும், என்ன செலவு, யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் அந்த ஒரு வாக்கியக் கோரிக்கை. இந்த வரிசையில் கேட்பவர் மனதில் எழும் கேள்வியும் உங்கள் அடுத்த பகுதியும் ஒன்றாகவே இருக்கும். வரிசை சரியா என்று பார்க்க, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் "இதைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு: தலைப்பே செய்தி

இப்போது லேப்டாப்பைத் திறக்கலாம். 15 நிமிடப் பேச்சுக்கு ஆறு ஏழு ஸ்லைடுகள் தாராளம்.

ஸ்லைடின் தலைப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, படிக்கும்போதெல்லாம் என்னை வருத்தும் ஒரு நிகழ்வு இருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைக்காப்பின் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. அது ஆபத்தா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகளின்படி பாதுகாப்புக்கு இடைவெளி இருக்கிறது என்று தொனிக்கும்படி அமைந்திருந்தது. அதே ஸ்லைடின் அடியில், உட்பிரிவுக்கு உட்பிரிவாகச் சிறிய எழுத்தில், சோதனையில் பயன்படுத்திய துண்டு வெறும் 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற விவரம் இருந்தது. 640 மடங்கு பெரியது! அதாவது அந்தச் சோதனையை வைத்து எதையும் நம்ப முடியாது. தலைப்பில் இருந்திருக்க வேண்டியது கடைசி வரிக்குப் போய்விட்டது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து விமர்சித்தது.

ஆகவே "நீர் இருப்பு" என்று தலைப்பு வைக்காதீர்கள். "வருடத்துக்கு 34 லாரித் தண்ணீர் வீணாகிறது" என்று வையுங்கள். "செலவு விவரம்" என்பதைவிட "வீட்டுக்கு 6,000 ரூபாய்" என்பது மேல். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே முழு விஷயமும் புரிய வேண்டும்.

நீங்கள் பேசப்போகும் வாக்கியங்களை ஸ்லைடில் எழுதி வைக்காதீர்கள். திரையில் எழுத்து வந்தால் மக்கள் படிப்பார்கள். படிக்கும்போது காது கேட்காது. படம், வரைபடம், ஓர் எண், ஒரு சிறு சொற்றொடர் போதும். இந்தக் கூட்டத்துக்கு மிகவும் உதவக்கூடிய படம் எது தெரியுமா? உங்கள் மாடியிலிருந்து கீழே இறங்கும் அந்தப் பைப்பையே மழை நாளில் எடுத்த போட்டோ. இணையத்தில் கிடைக்கும் எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

தமிழில் ஸ்லைடு போடுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, எழுத்தின் அளவு. தமிழ் எழுத்துகளில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம். தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளி மறைந்து "க்" என்பது "க" ஆகிவிடும். 28-க்குக் கீழே போகாதீர்கள், தலைப்புக்கு 40 வரை போகலாம். ரி, றி, ஞு போன்ற எழுத்துகளின் மேல்கீழ் வளைவுகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வரிகளுக்கு நடுவே இடைவெளியும் கொஞ்சம் அதிகம் வேண்டும். இரண்டாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத இன்னொருவர் லேப்டாப்பில் திறந்தால் முழுதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யுஐ நன்றாகவே வேலை செய்யும். எதற்கும் பிடிஎஃப் ஆக ஒரு பிரதி சேமித்துப் பென் டிரைவிலும் உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள்.

எழுத்து எகிறிக் குதிப்பது, சுழன்று வருவது போன்ற அனிமேஷன்கள் வேண்டவே வேண்டாம்.

கையில் தொட்டுக் காட்ட ஒன்று

கொலம்பியாவுக்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தது. அந்த விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், பிப்ரவரி 11 அன்று பொது விசாரணையின்போது, விண்ணோடத்தின் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைச் சிறு கிளாம்பில் இறுக்கி, தன் முன்னால் இருந்த ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டார். வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் கசிவை அடைக்காது என்று அங்கிருந்த எல்லாருக்கும் அந்தக் கணமே விளங்கியது. தொழில்நுட்ப அறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியதை ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லிவிட்டது.

உங்கள் கூட்டத்திலும் இதைச் செய்யலாம். வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் செய்ய வருபவர் கையில் பேனா மாதிரி வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரைப் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி) பார்த்திருப்பீர்கள். ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ வாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் உங்கள் போர்த் தண்ணீர், இன்னொன்றில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். முன் வரிசையில் இருப்பவரை அழைத்து, "மேடம், நீங்களே முக்கி எண்ணைப் படிங்க" என்று மீட்டரைக் கொடுங்கள். உப்பேறிய போர்வெல் பகுதியாக இருந்தால் முதல் டம்ளரில் ஆயிரத்தைத் தாண்டும். மழைத் தண்ணீரில் மிகக் குறைவாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை என்பதையும் அப்போது சொல்லுங்கள். எண்ணைப் படித்தவர் அவர்களில் ஒருவர் என்பதால் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஒரு நேர்மை இங்கே தேவை. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளை மட்டுமே காட்டும்; கிருமிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. "பாருங்க, இதை அப்படியே குடிக்கலாம்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

வாய்விட்டு ஒத்திகை

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, கூட்டத்தில் பேசும் அதே சத்தத்தில் பேச வேண்டும். போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது கூச்சமாக இருக்கும். யாருக்கும் தன் குரல் அந்நியமாகத்தான் தோன்றும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: எங்கே மூச்சு வாங்குகிறீர்கள், எங்கே "அதாவது வந்து" என்று இழுக்கிறீர்கள், எந்த இடத்தில் வார்த்தை தடுக்குகிறது. தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் வாக்கியம் நீளமாக இருக்கும், இல்லையென்றால் விஷயம் உங்களுக்கே இன்னும் தெளிவாகியிருக்காது. வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

மேடை ஏறியதும் செந்தமிழுக்குத் தாவிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். "இத்திட்டத்தினைச் செயல்படுத்துவதன் மூலம் நிலத்தடி நீர்மட்டம் உயர்வதற்கான வாய்ப்புகள்" என்று பேசினால் ரேடியோ செய்தி வாசிப்பது போல் ஆகிவிடும். நேற்று லிஃப்டில் எப்படிப் பேசினீர்களோ அப்படியே பேசுங்கள். "சம்ப்", "மோட்டார்", "ஃபில்டர்", "மெயின்டனன்ஸ்" எல்லாம் அவர்கள் தினமும் சொல்லும் சொற்கள். அவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. கூட்டத்தில் தமிழ் அவ்வளவாகப் பிடிபடாத குடும்பங்கள் இருந்தால் முக்கியமான இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் இருப்பது முழுவதும் நழுவிவிடும். மனப்பாடம் வேண்டியது முதல் மூன்று வாக்கியமும் கடைசிக் கோரிக்கையும் மட்டும். நடுவில் இருப்பதற்கு ஒரு சிறிய அட்டையில் குறிப்புச் சொற்கள் போதும். தாளைவிட அட்டை நல்லது. கை நடுங்கினால் தாளும் சேர்ந்து ஆடும், அட்டை ஆடுவது தெரியாது.

15 நிமிடம் கொடுத்திருந்தால் 11, 12 நிமிடத்துக்குத் தயாராகுங்கள். கூட்டம் தாமதமாகத் தொடங்கும். முந்தைய தலைப்பு இழுக்கும். செக்ரட்டரி வந்து "கொஞ்சம் சீக்கிரம்" என்பார். அப்போது விடக்கூடிய பகுதி எது என்பதை முன்பே முடிவு செய்து அட்டையில் குறித்து வையுங்கள்.

இடத்தைப் போய்ப் பாருங்கள்

குடியிருப்புக் கூட்டங்கள் பெரும்பாலும் கீழே கார் பார்க்கிங்கில்தான் நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், தூணுக்குப் பின்னால் மறைந்து உட்காரும் நாலு பேர், மேலே ஏதோ வீட்டில் குக்கர் விசில், கேட் அருகே ஹாரன். காலை பத்து மணி வெளிச்சத்தில் சுவரில் விழும் புரொஜெக்டர் படம் வெளுத்துப்போய்க் கண்ணுக்கே தெரியாது. இதை ஒரு நாள் முன்னதாகவே, அதே நேரத்தில் போய்ச் சோதித்துப் பாருங்கள். வெளிச்சத்தைத் தடுக்க வழியில்லை என்றால் புரொஜெக்டரைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஒரு ஏ4 தாளில் ஒரு பக்கம் கிணற்றின் வரைபடமும் மறுபக்கம் மூன்று எண்களும் அச்சடித்து 30 பிரதி எடுத்து வந்தால் போதும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் கூட்டத்தில் தாளுக்கு இணை வேறில்லை. ஆனால் வரும்போதே கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பகுதி வரும்போது கொடுங்கள்.

புரொஜெக்டர் உண்டு என்றால், அதன் ஒயர் உங்கள் லேப்டாப்பில் பொருந்துமா என்பதைத் தொட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். சில பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ மட்டும் இருக்கும், புது லேப்டாப்புகளில் டைப்-சி மட்டும் இருக்கும். படம் வரவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி "டூப்ளிகேட்" தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் பி எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். டம்ளர் செய்முறையின்போது இது மிக உதவும், எல்லார் கண்ணும் மேசைக்கு வந்துவிடும்.

மைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "எனக்குச் சத்தமா பேச வரும், மைக் வேண்டாம்" என்று பலர் மறுக்கிறார்கள். காது மந்தமான பெரியவர்கள் கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடியுங்கள், தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்பட்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு போய் நின்றால் கீச்சென்று கத்தும்.

பேசும் நேரம்

படபடப்பு வரும். நெஞ்சு அடித்துக்கொள்வதும் உள்ளங்கை வியர்ப்பதும் பழகியவர்களுக்கும் உண்டு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் கடந்ததும் குறைந்துவிடும். அதைக் கடக்கத்தான் அந்த மூன்று வாக்கிய மனப்பாடம். கூட்டத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய், வருபவர்களோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருங்கள். எழுந்து நிற்கும்போது அவர்கள் "கூட்டம்" ஆக இருக்க மாட்டார்கள். மூன்றாம் மாடி ஆன்ட்டி, ஐந்தாம் மாடி அங்கிள் என்று தெரிந்த முகங்களாக இருப்பார்கள். ஒரு வாக்கியத்தை ஒருவரைப் பார்த்துச் சொல்லி முடியுங்கள். அடுத்ததை இன்னொரு பக்கம் இருப்பவரிடம் சொல்லுங்கள். தூணுக்குப் பின்னால் இருப்பவர்களை மறக்க வேண்டாம்.

"34 லாரி" என்று சொன்னதும் மூன்று நொடி சும்மா இருங்கள். உங்களுக்கு அது நீண்ட நேரமாகத் தோன்றும், கேட்பவர்களுக்குத் தோன்றாது. அவர்கள் கணக்குப் போட அந்த நேரம் வேண்டும். புதியவர்கள் அமைதியைக் கண்டு பயந்து அதை "ம்ம்", "ஆக்சுவலா" என்று நிரப்பிவிடுகிறார்கள்.

திரையைப் பார்த்துப் பேசாதீர்கள்.

கேள்விகள் வரும், வர வேண்டும்

முடிவு உண்மையில் உருவாவது கேள்வி நேரத்தில்தான். வரக்கூடிய கேள்விகளில் கடினமான ஐந்தை முன்பே எழுதிப் பதில் தயார் செய்துகொள்ளுங்கள். இந்தக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும்.

முதலாவது: "2003-லயே கவர்ன்மென்ட் கட்டாயம்னு சொல்லி எல்லா பில்டிங்லயும் போட்டாச்சே? அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது உண்மை. அப்போது போட்ட கூழாங்கல், மணல் குழிகள் பல இடங்களில் சுத்தம் செய்யாமல் சேறு அடைத்துத் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. உங்கள் கட்டடத்தின் பழைய குழியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால், அதைக் காட்டுவதே பதில். "அதனாலதான் இந்தத் தடவை வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி சுத்தம் பண்ற செலவையும் சேர்த்தே சொல்லியிருக்கேன்" என்று முடியுங்கள்.

இரண்டாவது: "நாம விடுற தண்ணி பக்கத்து பில்டிங் போருக்குத்தானே போகும்?" இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஒரு பங்கு போகத்தான் செய்யும், நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. மேல்மட்டத்துக் கிணறுகளில் பலன் சீக்கிரம் தெரியும். மிக ஆழமான, பாறைக்குள் இறங்கும் போர்களில் தாமதமாகலாம். அதனால்தான் மாடித் தண்ணீரில் ஒரு பகுதியை வடிகட்டி நேராகச் சம்புக்கும் விடலாம் என்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு குறையை நீங்களே ஒப்புக்கொண்டால், நீங்கள் சொன்ன மற்ற விஷயங்களுக்கு நம்பகம் கூடும்.

கேள்வி கேட்டவரை இடைமறிக்காமல் முடிக்க விடுங்கள். பின் வரிசைக்குக் கேட்டிருக்காது, ஆகவே "சார் கேக்கிறது என்னன்னா" என்று கேள்வியை ஒருமுறை மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும். பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, புதன்கிழமைக்குள்ள கேட்டு குரூப்ல போடுறேன்" என்று சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், "அங்கிள், இதை நான் கூட்டம் முடிஞ்சதும் உங்ககிட்ட விரிவா பேசறேன். மேடம் ரொம்ப நேரமா கை தூக்கிட்டிருக்காங்க" என்று பணிவாக நகருங்கள்.

கேள்விகள் ஓய்ந்ததும், கடைசிக் கேள்வியோடு பேச்சை நழுவ விடாமல் கோரிக்கையை மறுபடி சொல்லுங்கள்: "வீட்டுக்கு 6,000 ரூபாய், செப்டம்பருக்குள்ள வேலை முடியணும். சம்மதம்னா கை தூக்குங்க." பிறகு பேசாமல் காத்திருங்கள்.

அன்று இரவே

கை தூக்கியதோடு விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். கூட்டம் கலைவதற்குள், என்ன முடிவு, எவ்வளவு பணம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை மினிட்ஸ் நோட்டில் எழுதி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரவு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் அதே நாலு வரியையும், அச்சடித்த தாளின் பிடிஎஃப்பையும், பதில் பாக்கி இருக்கும் கேள்விகளின் பட்டியலையும் போடுங்கள். வராதவர்களும் வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களும் அதைப் பார்த்துத்தான் பணம் அனுப்புவார்கள். சம்மதிக்காதவர் ஒருவர் இருந்தால் மறுநாள் அவர் வீட்டுக்கே போய் என்ன தயக்கம் என்று கேளுங்கள். புதன்கிழமை என்று சொன்ன பதிலைச் செவ்வாய்க்கிழமையே போட்டுவிடுங்கள்.